ஆனி முதல் நாளில் ஆறு சாவிகள்

20.5.1998, புதன்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து காலை பஸ். வழக்கம்போல நின்றுகொண்டே தஞ்சாவூர். டிராக்டர் ஷோரூமில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியும் அம்மாவுக்கு என் வேலை பிடிபடவில்லை.

“அங்க போயி என்னடி பண்ணுற?”

“நாலு பேர்கிட்ட நல்லபடியா பேசணும்மா. கம்பெனி பேரைக் காப்பாத்தணும்.”

“அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்!”

மக்கள் தொடர்பு என்றால் யாருக்கும் புரிவதில்லை. பட்டயப் படிப்பில் கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் பயிற்சிக்கு மெட்ராஸ் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் ஷோரூம் முதலாளி ஹபீப் முகம்மது பாயின் டிராக்டர். ஆனால் பிடித்திருக்கிறது. விவசாயிகளோடு பேசப் பேச நேரம் போவதே தெரியவில்லை.

குவைத்திலிருந்து ஃபிளோரா அத்தை மறுபடி போன். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஜூலையில் வரவேண்டுமாம். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: “பயிற்சி முடியிறப்ப வேலையை நிரந்தரம் பண்ணாங்கன்னா இங்கயே இரு. இல்லன்னா அத்தைகிட்ட கிளம்பு.”

எனக்குக் குவைத் வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

28.5.1998

பாய் கூப்பிட்டார். குறுவைக்கு முன்னால் ஒரு விழா. “முழுப் பொறுப்பும் உன்னுதும்மா ஜெனித். இது நல்லா நடந்தா நீ நம்ம ஆளு.”

ஆகா! இதற்குத்தானே காத்திருந்தேன்.

வங்கிக் கடன் கிடைத்து வண்டி எடுக்கக் காத்திருப்பவர்கள் ஆறு பேர். அவர்களை மேடையில் ஏற்றி, சொல்லாமல் கொள்ளாமல் சாவியைக் கையில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே சொன்னால் போட்டோவில் முகம் மரத்துப்போய் நிற்கும். அதனால் அழைப்பிதழில் ‘உழவர் விருந்து’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். என் மூளையே மூளை.

தேதிக்குத்தான் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஜூன் 12 வெள்ளி, பாய்க்கு ஜும்ஆ தொழுகை. 13 அந்தோணியார் திருவிழா, நான் வீட்டில் இல்லாவிட்டால் அம்மா கொன்றுவிடுவாள். 14 ஞாயிறு, பூசை. அதனால் 15 திங்கள். எந்தச் சிக்கலும் இல்லாத நாள்.

9.6.1998

ஒரத்தநாடு போய், ஆறு பேரில் ஒருவரான அம்சம் அக்காவுக்கு அழைப்பிதழ் வைத்தேன். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. நிலம் முழுக்க அக்கா பொறுப்பு. தேதியைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வந்தார். பிறகு, “விருந்துதானே, வந்துர்றேன் தங்கச்சி” என்றார். மோர் கொடுத்தார். நல்ல மோர்.

15.6.1998, திங்கள் காலை

புதுப் புடவை. அந்தோணியாரே, கூடவே இரும்.

அன்று மாலை, பஸ்ஸில்

உட்கார இடம் கிடைத்தது, எழுதுகிறேன்.

பந்தல் நிறையக் கூட்டம். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மைக்கில் முதல் பெயராக அம்சம் அக்காவை அழைத்தேன். சிரித்துக்கொண்டே மேடை ஏறினார். பாய் சாவியை நீட்டினார். அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்!

“இன்னிக்கு வேணாங்க பாய்.”

அடுத்தது வலங்கைமான் மனோகரன். “தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேங்க” என்று எழுந்தவர் பந்தலைத் தாண்டிப் போய்விட்டார். மீதி நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார். “என்னங்க, வண்டியில ஏதும் கோளாறா?”

போச்சு, எல்லாம் போச்சு, குவைத்துதான்!

அக்காவை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

“வண்டி மேல ஒரு குறையும் இல்ல. இன்னிக்கு ஆனி ஒண்ணு, கரிநாளாச்சே. இன்னிக்குப் போயி புதுசா ஒரு பொருளை வாங்கிட்டுப் போனா, எங்க மாமியா வண்டியோட சேத்து என்னையும் வெளியில நிறுத்திடும்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?”

“விருந்துன்னுதானே சொன்ன? சாப்புடுறதுக்குக் கரிநாளு ஏது?”

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். ஒரு பாயும் ஒரு வேதக்காரப் பெண்ணும் உட்கார்ந்து தேதி குறித்தால் இப்படித்தான் ஆகும். என் நாற்காலிக்குப் பின்னால் கம்பெனி காலண்டர் தொங்குகிறது. தினமும் நான்தான் தாள் கிழிக்கிறேன். கீழே பொடி எழுத்தில் கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாம் இருக்கிறது. ஒரு நாளாவது படித்தேனா? ‘மக்களை முதலில் அறிக’ என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான்!

பாய் கிசுகிசுத்தார். “கம்பெனி ஆபீசர் வரல, அதனால தள்ளி வைக்கிறோம்னு சொல்லிடுவோமா?”

சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கிருந்த அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். தெரிந்தவர்களிடம் பொய் சொல்லி என்ன தொடர்பு வளர்ப்பது? மைக்கைப் பிடித்தேன்.

“தேதி வச்சது நாந்தாங்க. பாய்க்கு ஜும்ஆ பாத்தேன், எனக்குப் பூசை பாத்தேன். வண்டி எடுக்கப்போற உங்களுக்கு ஒண்ணுமே பாக்கலை. மன்னிச்சுக்குங்க. இன்னிக்குச் சாப்பாடு மட்டுந்தான். சாவிக்கு நாளு நீங்களே குறிச்சுக் கொடுங்க.”

முதலில் அம்சம் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அதோடு பந்தலே சிரித்தது. ஆபீசுக்குள் ஓடி, ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஆறு பேரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். மனோகரன் அண்ணனும் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டார்! வளர்பிறைதான் வேண்டும் என்றார்கள். 26 வெள்ளி, ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள்.

“ராகு காலத்துக்கு முன்னாடி எங்களுக்கும் ஆச்சு, அப்புறம் பாய்க்கு ஜும்ஆவுக்கும் ஆச்சு” என்றார் அக்கா.

பாய் நேராகப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். என்ன நினைக்கிறாரோ.

16.6.1998

பேப்பரில் போட்டோ! சாவி இல்லை, மேடை இல்லை. காலண்டரைச் சுற்றி ஆறு தலை, நடுவில் வாயைப் பிளந்து சிரிக்கும் அம்சம் அக்கா. ‘உழவர்களே நாள் குறித்த டிராக்டர் விழா’ என்று தலைப்பு. காசு கொடுத்தாலும் இப்படி வராது. பாய் அதை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார்.

26.6.1998, வெள்ளி

ஆறு சாவியும் கொடுத்தாயிற்று. அக்காவின் மாமியாரும் வந்து டிராக்டருக்கு மாலை போட்டார். அக்கம்பக்கத்திலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் புதிதாக விலை விசாரித்தார்கள். ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது பாய் வாசலில் நின்று, “கும்பகோணத்துல கிளை திறக்குறோம்மா. தேதியை நீயே பாத்து வை” என்றார்.

நான் ‘நம்ம ஆளு’ ஆகிவிட்டேன்! வேலை நிரந்தரம்தான்.

2.7.1998

எதிர் வீட்டுக்கு அத்தையின் போன். அப்பாவும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“எப்பம்மா கிளம்புற? டிக்கெட் போடணும்.”

“காலண்டரை முழுசாப் பாத்துட்டேன் அத்தை. இந்த வருஷம் பயணத்துக்கு ஒரு நல்ல நாளும் இல்லை.”

“அடிப்பாவி, நாம எப்பலேருந்துடி நாளு கிழமை பாக்குறோம்?”

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.