பாதிமலை என்று பேர் வைத்தவன் எழுதுவது

அன்பு மிகுந்த என் மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லோடு சீட்டில் ஊர்ப்பேர் எழுதியதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். விஷயம்தான் சிரிக்கிற மாதிரி இல்லை.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் தங்கச்சி சுகம். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, குரல் மட்டும் இறங்கவில்லை. உங்கள் மகள் கவிதாவுக்கு நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனியில் வேலை. நம் லாரியில் உங்கள் இடத்துக்கு ஒரு புது டிரைவர் வந்திருக்கிறார். நான் என்ன கேலி சொன்னாலும் "சரிங்க" என்கிறார். திருப்பித் திட்டக்கூடத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஆளோடு நாக்பூர் வரைக்கும் எப்படிப் போவது, சொல்லுங்கள்?

போன வாரம் உங்கள் நினைவு நாளுக்கு, லாரி ஸ்டாண்டு ஆட்கள் மோகனூர் ரோட்டில் பெரிய பிளக்ஸ் வைத்தார்கள். நடுவில் உங்கள் படம், பக்கத்தில் நம் வண்டி. கீழே கொட்டை எழுத்தில் 'பாதிமலை செங்கோடன்'. பாசத்தில்தான் போட்டார்கள். பட்டப்பேர் போடாவிட்டால் செத்தது யாரென்றே நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாதே.

கவிதா அதன் முன்னால் வெகு நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "ஏனுங்க மாமா, எங்கப்பா எதையாச்சும் பாதியில உட்டுப்போட்டு வந்தவருங்களா?" என்று கேட்டாள்.

எதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருக்கிற வாய் இது. அன்றைக்கு, வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டேன். அந்தப் பேரை வைத்தவனே நான்தானே, மச்சான்.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் போய் ஜம்முவில் இறக்கிவிட்டு, திரும்பி வர லோடு கிடைக்காமல் கிடந்தோமே, அந்த நாட்கள். "சும்மா கெடக்கறதுக்கு அந்தப் பனிலிங்கக் குகையப் பார்த்துப்போட்டு வந்தர்லாமுங்க மாப்ள" என்றீர்கள். வரிசையில் நின்று, மலையேற உடம்பு தாங்கும் என்று டாக்டர் சீட்டு வாங்கினோம். லாரியிலிருந்த இரண்டு கம்பளிகளையும் எடுத்துக்கொண்டோம். கொல்லிமலையின் எழுபது வளைவையும் உட்கார்ந்தபடியே ஏறிப் பழகிய கால்கள் நம்முடையவை. அவற்றை நம்பிக் கிளம்பினோம்.

பாதை ஒரு கட்டில் அகலம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் நூல் மாதிரி ஆறு. சேறும் குதிரைச் சாணமும் பனிக்கட்டியும் ஒன்றாய்க் குழைந்து கிடந்தன. நாலடி வைத்தால் நாற்பதடி ஓடின மாதிரி இரைத்தது. ஒரு பாறையோரம் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நெஞ்சுக்குள்ள யாரோ குந்தியிருக்கற மாதிரி இருக்குதுங்க மாப்ள. நீங்க போயிட்டு வாங்க."

"பத்துச் சக்கரத்த ஓட்டற ஆளு ரெண்டு கால ஓட்ட மாட்டீங்களா? இருங்க, குதிரைக்காரங்கிட்டச் சொல்லிக் கயித்தக் கட்டி இழுத்துட்டு வரச் சொல்றேன்."

பக்கத்தில் போன நம் பாஷைக்காரர்கள் நாலு பேர் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மூச்சு முட்டுகிற மனுசனை அங்கேயே விட்டுவிட்டு நான் நடந்தேன்.

சாயங்காலம் நான் இறங்கி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது, எனக்கு முன்பே அங்கே வந்திருந்த நீங்கள் "சாமி பார்த்தீங்களா மாப்ள?" என்று கேட்டீர்கள்.

"ஆளுயரம் மச்சான். கண்ணு கூசுது" என்று சொல்லிப் பிரசாதப் பொட்டலத்தை நீட்டினேன். என் கையிலிருந்தே திருநீறு எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டீர்கள்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் அதை நடித்தே காட்டினேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தது, எழ முடியாமல் கை ஊன்றியது எல்லாம். அன்றைக்கு ஒட்டிய பேர் அது. பட்டறைக்காரர் வரைக்கும் "பாதிமலை அண்ணனுக்கு ஒரு டீ" என்றார்கள். நீங்கள் ஓரத்து பெஞ்சில் கிளாஸைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

திருச்செங்கோட்டு மலைப்படியிலும் ஒருமுறை நெஞ்சில் கை வைத்து நின்றீர்கள். "பாதிமலை வந்துருச்சுங்களா?" என்றேன். அதற்கப்புறம் உச்சி வரை நீங்கள் நிற்கவே இல்லை. இரண்டு மாதத்தில் மாரடைப்பு. அந்த மூச்சும் இந்த மூச்சும் ஒன்றுதானா, மச்சான்? நான் கேலி பேசாமல் இருந்திருந்தால் ஒரு டாக்டரிடமாவது காட்டியிருப்பீர்களா? யாரிடம் போய் இதைக் கேட்பேன்?

கவிதா கேட்ட கேள்வி மூன்று நாள் என்னைத் தூங்க விடவில்லை. நாலாம் நாள் உங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் சம்சாரத்திடம், அக்காவிடம், உண்மையைச் சொன்னேன்.

நான் குகையைப் பார்க்கவே இல்லை. உங்களை விட்டுப் போன அரை மணி நேரத்தில், எனக்கு முன்னால் போன குதிரை ஒன்று கால் இடறிப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. எப்படியோ இழுத்துப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு மேல் நான் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. இலவசமாகச் சாப்பாடு போடுகிற கூடாரம் ஒன்றுக்குள் புகுந்து, கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தவன், மதியம் தாண்டித்தான் எழுந்தேன். திருநீறு வழிக்கடையில் வாங்கியது. ஆளுயரம் என்று சொன்னது அந்தக் கடையில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து.

சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா முறத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னது:

"அது அவருக்குத் தெரியுமுங்க தம்பி."

நீங்கள் கொஞ்சம் தெளிந்ததும் என் பின்னாலேயே மெல்ல ஏறி வந்தீர்களாமே. டீ குடிக்கலாம் என்று அந்தக் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே இறங்கிப் போனீர்களாமே.

"எழுப்பியிருக்கலாமுல்லங்கன்னு நானுந்தான் கேட்டேன். 'தூங்கியிருந்தா எழுப்பியிருப்பேன், அந்த மனுசன் அழுதுட்டுல்ல படுத்திருந்தாரு. நான் பாத்தது தெரிஞ்சுதுன்னா அப்பறம் எப்படி வாயத் தொறந்து சிரிப்பாரு'ன்னாருங்க. வெளிய சொல்லப்படாதுன்னு எங்கிட்டச் சத்தியமும் வாங்கிப்போட்டாரு."

நான் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படியென்றால் அந்தத் திருநீறு? தெரிந்தேதான் இட்டுக்கொண்டீர்களா? டீக்கடையில் நான் ஆடின ஆட்டம் முழுவதையும் தெரிந்துகொண்டேதான் பார்த்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செத்தேன். ஏன் சொல்லவில்லை? நாலு பேர் முன்னால் என்னை அறைந்திருந்தால்கூட இப்படிக் கூசாது, மச்சான்.

கவிதா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, "எங்கம்மாகிட்டச் சொன்னாப் போதாதுங்க மாமா. பேர் வெச்ச எடத்துல சொல்லுங்க" என்றாள். கோபமில்லை அந்தக் குரலில். உங்கள் குரல் மாதிரியே இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டு ஆட்கள் எல்லாரும் டீக்கடைக்கு வருவார்கள். அன்றைக்குச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவமானத்தைக்கூட நாலு பேர் சிரிக்கிற மாதிரி மாற்றித் தப்பித்துக்கொள்கிற வித்தை எனக்குத் தெரியும். வாய் தானாக அந்தப் பக்கம் போகும். போக விடமாட்டேன். நான் அழுததையும் நீங்கள் அதை மறைத்ததையும் நடந்தபடியே சொல்வேன். கை காலை ஆட்டி நடிக்க மாட்டேன். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நான் கூடச் சேர்ந்து சிரிக்க மாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
நீங்கள் காட்டிக்கொடுக்காத மாப்பிள்ளை
பொன்னுசாமி