வெள்ளை ஹெல்மெட்

செவ்வாய், இரவு.

அப்பாடா, ஆய்வு பிழைத்தது. ஆய்வேட்டுக்காகத் தொழிற்சாலைக்குள் நான் எடுத்த பேட்டிகளில் தொழிலாளர்கள் எல்லோரும் "நல்லாத்தான் கீது மேடம்" என்றே சொன்னார்கள். இந்தத் தொழிற்சாலையில் பயம் ஊறிக்கிடக்கிறது என்று ஒரு கோட்பாடு கட்டினேன். எனக்கே அது ஒட்டவில்லை.

இன்று மாலை புதுவாயல் டீக்கடையில் பேக்கிங் பிரிவு கலா, சூப்பர்வைசரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். இதையெல்லாம் உள்ளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னா மேடம், ஆபீசருங்க போடுற வெள்ள ஹெல்மெட்ட மாட்டிக்கினு வந்து கேட்டா எவ பேசுவா?"

முதல் நாள் தொழிற்சாலை வாசலில் கொடுத்தார்கள், மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஆக, பேட்டிகள் வீணில்லை. அவை அந்த ஹெல்மெட்டுக்குச் சொன்ன பதில்கள். நாளை தொழிலாளர்களின் மஞ்சள் ஹெல்மெட்டைக் கேட்கலாமா? வேண்டாம், அது வேஷம். வெள்ளையோடே போகிறேன். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அந்த ஹெல்மெட்டும் வரும், அதற்குள் இருந்த என் தலையும் வரும்.