செல்லாத சீட்டில் ஒரு வரைபடம்

அனுப்புநர்:
திருமதி பெரில் கார்மடி,
14, ரயில்வே வீதி,
குல்லாரா, நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
தேர்தல் நடத்தும் அலுவலர் அவர்கள்,
குல்லாரா தொகுதி.

பொருள்: குல்லாரா மருத்துவமனை வாக்குப் பெட்டியிலுள்ள, மேலவைக்கான செல்லாத வெள்ளை வாக்குச் சீட்டு ஒன்றைப் பார்வையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மெர்வின் கார்மடி இவ்வூரின் பழைய இரசாயன ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் பாரவண்டி ஓட்டினார். கழிவுப் பீப்பாய்களை ஆலை நிலத்தில் புதைத்தவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவர் அவர். 1985இல் விலகும்போது, ஆலையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எந்த இடத்தில் புதைத்தார் என்பதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. "உனக்குத் தெரிஞ்சா உன்னையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்க, பெரில். வீடும் போயிரும்" என்பார். அந்த நிலத்தில் இப்போது துவக்கப்பள்ளி இருக்கிறது.

2. நாடாளுமன்ற மேலவையின் விசாரணைக் குழு மே 17 அன்று எங்கள் நகர மண்டபத்தில் அவரை விசாரிப்பதாக இருந்தது. குழுவின் முன் சொல்வதற்காக யாரும் வழக்குப் போட முடியாது என்று எழுத்து மூலம் தெரிவித்திருந்தார்கள். முப்பத்தோர் ஆண்டுகளில், அந்தக் கடிதம் வந்த அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அன்று அவர் அணிய, அவருடைய கோட்டுச் சட்டையைச் சலவைக்குப் போட்டு வாங்கி வைத்தேன்.

3. கீழவை அனுப்பிய மசோதாவை மேலவை இரண்டாம் முறையும் தள்ளியது. அதைக் காரணமாக வைத்து இரண்டு அவைகளையும் மே 9 அன்று கலைத்துவிட்டார்கள். அவர்கள் சண்டை எதைப் பற்றியோ, எங்களைப் பற்றியல்ல. அவை கலைந்ததால் குழுவும் கலைந்தது. இனி வாக்குமூலம் பெற ஆளில்லை, புதிய நாடாளுமன்றம் அமைந்தபின் விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. அவருடைய நுரையீரலுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்று மருத்துவர் அதற்கு முந்தைய வாரமே சொல்லியிருந்தார்.

4. ஜூன் 22 அன்று, நோயாளிகள் முன்கூட்டியே வாக்களிப்பதற்காக, என் கணவர் இருந்த மருத்துவமனைக்குத் தங்கள் ஊழியர்கள் வாக்குப் பெட்டி கொண்டுவந்தார்கள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். வந்திருந்த பெண், "என்னங்கய்யா, எல்லா வேட்பாளருக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா நம்பர் போடுறீங்களா?" என்று சிரித்தாள். "ரொம்ப நாளா தேங்கினதும்மா, கொஞ்ச நேரம் ஆகும்" என்றார்.

5. பெட்டி போனபின் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "படம் போட்டுட்டேன், பெரில். பீப்பாய் கெடக்கிற எடம் அதுல இருக்கு. சீட்டு யார் போட்டதுன்னு எந்தக் கோர்ட்டும் கேக்க முடியாது. செல்லாத சீட்டைத்தான் மூணு பேர் உத்துப் பாப்பாங்க." ஐந்து தேர்தல்களில் தங்கள் அலுவலகத்துக்காக வாக்கு எண்ணியவர் அவர். தங்களை அவ்வளவு நம்பினார். எந்த இடம் என்று கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டார். ஜூன் 26 அன்று காலமானார்.

6. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவர் வரைந்துகொண்டிருந்தபோது நான் இரண்டு எட்டுத் தள்ளித்தான் நின்றேன். இன்னொருவர் சீட்டைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பத்தேழு ஆண்டு மணவாழ்வில் அவர் யாருக்கு வாக்களித்தார் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அந்த ஒழுக்கத்தை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

7. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஜூலை 2 அன்று, அதே நகர மண்டபத்தில் நானும் வாக்களித்தேன். அவர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய இடத்துக்கு வெளியே, வாக்களிக்க வந்தவர்களுக்கு வழக்கம்போல் வெங்காயமும் சாசேஜும் வாட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜூலை 4 அன்று தங்கள் அலுவலகம் வந்தேன். முகப்பில் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். "இந்தத் தடவை சீட்டு மேசை விரிப்பு அளவுக்கு இருந்துச்சும்மா. படம் போட்டவங்க நெறைய பேரு" என்றார். பள்ளி நிர்வாகத்தாரையும் பார்த்தேன். எங்கே தோண்டுவது என்று தெரியாமல் எப்படித் தோண்டுவது என்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

8. அந்தப் பெட்டியில் வாக்களித்தவர்கள் முப்பத்தொரு பேர் மட்டுமே. சீட்டில் பழைய புகைபோக்கியும் ரயில் பாதையும் இருக்கும், தூரங்கள் அடிக்கணக்கில் இருக்கும். ஏழு என்ற எண்ணின் நடுவில் அவர் குறுக்குக் கோடு போடுவார்.

9. அதைத் தாங்கள் வாக்காக எண்ண வேண்டாம். என்னிடம் தரவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம். நீதிமன்ற உத்தரவு தேவையென்றால் அதைக் கேட்டு வாங்கும் வழி தங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சீட்டுகள் அழிக்கப்படுமுன் யாராவது ஒருவர் அதைப் பார்த்து, தோண்டும் அதிகாரம் உள்ளவரிடம் இடத்தைச் சொன்னால் போதும்.

10. மருத்துவமனையில் ஒருநாள் அவர், "பிள்ளைங்க மத்தியானம் எந்தப் பக்கம் வெளையாடுறாங்க?" என்று கேட்டார். நிழல் இருப்பதால் வடக்கு வேலி ஓரம் என்றேன். அதன்பின் அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

11. நான் அந்தப் பள்ளியின் சாலைக் கடப்புக் காவலர். விடுமுறை முடிந்து 19ஆம் தேதி பிள்ளைகள் வருகிறார்கள். காலை எட்டரைக்குச் சாலை நடுவே நின்று, வண்டிகளைப் பார்த்து 'நில்' பலகையை உயர்த்தி, அவர்களை உள்ளே அனுப்புவது என் வேலை. தங்கள் பதில் அதற்குள் வரும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை. வராவிட்டால் அன்று பலகையைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடிப்பேன். என்னை அப்புறப்படுத்த எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம்தான் அவர்களுக்கு என்னால் தர முடியும்.

இதைப் படிக்கத் தாங்கள் ஒதுக்கிய நேரத்திற்கு நன்றியுடன்,

பெரில் கார்மடி
(காலஞ்சென்ற மெர்வின் கார்மடியின் மனைவி)

இடம்: குல்லாரா
நாள்: 12.07.2016