பொனட்டில் கிடந்த குங்குமம்

மச்சான்,

இன்று பின்னேரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி வேறு சீட்டுக்குப் போனாள். பிறகுதான் எனக்கு விளங்கியது, என் கம்பளி ஜம்பரில் பெயின்ட் கரைக்கிற தின்னர் மணம். இரண்டு மூன்று நாளாய் உன் கராஜுக்குள் நின்ற மணம் அது, தோய்த்தும் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுது பிள்ளை என்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது நீ அறியாததில்லை. ஆருக்கென்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தாள்.

உடம்பெல்லாம் அலுப்பாக இருக்கிறது. லண்டன் சட்டனில் இருக்கும் உன் வீடு விலைப்பட்டுவிட்டது. நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி இனி மகளோடு போய் இருக்கப் போகிறாள். கராஜை வெறுமையாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது, காரையும் விற்க வேண்டியிருந்தது. அந்தக் கார் பொனட்டில் இருந்த சிவப்புக் கறையைப் பற்றி உன் மனைவியிடம் சொல்லக்கூடாதென்று நீ என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாய். அந்த வாக்கை என்ன செய்தேன் என்பதை உனக்குச் சொல்லாமல் படுக்க மனம் வரவில்லை.

கார் வந்து இறங்கிய நாள் கண்ணுக்குள் நிற்கிறது. மழைத்தூறல். லொறிக்காரன் இறக்கிவிட்டதில் கண்ணாடி இல்லை, சீட் இல்லை, அடித்தட்டில் கால் போகிற அளவுக்குக் துருப்பிடித்துக் கறள் தின்ற ஓட்டை. தங்கச்சி வாசலில் வந்து நின்றாள்.

"இரும்புக்கடைக்குப் போறதைப் பாதை மாறி இஞ்சை கொண்டந்திட்டாங்களோ?"

"இஞ்சேரும், வடிவாப் பாரும். இடுப்பைப் பாரும்" என்றாய்.

"ஆரின்ரை இடுப்பை?"

"காரின்ரை இடுப்பைத்தான்."

"இந்த வயதிலை எனக்கொரு சக்களத்தி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு வைத்த பெயர்தான். கடைசிவரை அவளுக்கு அது கார் இல்லை, சக்களத்தி.

நீ அந்த இடுப்பில் விழுந்தது ஜேர்மனியில். நீ டிங்கரிங் வேலைக்கு நின்ற பட்டறைக்கு அமெரிக்கப் பட்டாளக்காரன் ஒருவன் நசுங்கின இதே மாதிரிக் காரைக் கொண்டுவந்தான் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நீட்டு முகம், கட்டை வால், கதவடியில் ஒடுங்கிப் பின்சக்கரத்துக்கு மேலே திரண்டு எழும்புகிற தகடு. "பெற்றோலை மிச்சம் பிடிக்கவேணும், ஆக்களை ஏத்தவேணும் எண்ட யோசினையே இல்லாமல் ஒருத்தன் இதைக் கீறியிருக்கிறான் மச்சான்" என்பாய். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. டயர் கடையில் நின்ற எனக்கு, கார் என்றால் ஓடினால் காணும்.

அந்த இடுப்புக்காகத்தான் நாங்கள் சண்டை பிடித்தோம். பின்பக்கத் தகடு அரைவாசி கறள். ஓட்டை அடைக்கிற பட்டிப் பசையை அப்பித் தேய்த்துவிடு, பெயின்ட் அடித்தால் ஆருக்குத் தெரியும் என்றேன் நான். நீ ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு புதுத் தகடு வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாய்த் தட்டி எடுத்தாய். பழைய வேட்டியில் கிழித்த துண்டைத் தகட்டில் விரித்து, அதற்கு மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுப்பாய். துணியில்லாமல் தடவினால் கை வழுக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும், துணியோடு தடவினால் மயிரளவு பள்ளமும் தட்டுப்படும். என்னையும் தடவச் சொன்னாய். அன்றைக்குத்தான் எனக்கு அந்த வளைவு பிடிபட்டது. உன்னிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் உன் எடுப்புத் தாங்க ஏலாது.

கார் வேலை நடந்த அத்தனை வருசத்திலும் தங்கச்சி கராஜுக்குள் கால் வைத்ததில்லை. தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு, கோப்பையைக் கரண்டியால் தட்டிவிட்டுப் போய்விடுவாள்.

காருக்கு வெள்ளை அடித்தது சரஸ்வதி பூசைக்கு முதல்நாள். பிளாஸ்டிக் சீலையைச் சுற்றிக் கட்டி, தூசி எழும்பாமல் தரைக்குத் தண்ணீர் தெளித்து, பொனட்டைக் கடைசியாக அடித்தாய். முடித்துவிட்டு முகமூடியைக் கழற்றியபோது உனக்கு மூச்சு வாங்கியது. பெயின்ட் புகை என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் சுத்தியல், திருகாணிச்சாவி, பெயின்ட் அடிக்கிற துவக்கு எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிப் சாமிப் படமும் வைத்தாய். அப்போதுதான் தங்கச்சி குங்குமச் செப்போடு படி தாண்டி வந்தாள். நீயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆயுதங்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாள். பிறகு திரும்பி, பொனட்டின் நடுவிலே சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதற்கு மேல் குங்குமத்தை அழுத்தினாள்.

லண்டன் குளிருக்கும் ஈரத்துக்கும் பெயின்ட் ஒரு நாளில் காயுமா? காயாதென்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவள் போனபிறகும் துடைக்க உனக்கு மனம் வரவில்லை. சாமிக்கு வைத்தது, கிடக்கட்டும் என்றாய். இரண்டு நாள் கழித்துத் துடைத்தபோது சந்தனம் வந்தது, சிவப்பு வரவில்லை. பெயின்டுக்குள் இறங்கிவிட்டது.

"உரஞ்சிப்போட்டுத் திருப்பி அடிப்பமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம். ஏன் திருப்பி அடிக்கிறியள் எண்டு கேப்பா. தன்ரை கையாலை வந்தது எண்டு தெரிஞ்சால் இனி இந்தப் படி தாண்டமாட்டா. நீயும் சொல்லிப்போடாதை."

"அப்ப கறையோடையோ ஓடப்போறாய்?"

"ஊரிலை லொறியெல்லாம் பொட்டோடைதானே ஓடினது."

பொனட்டின் மேல் ஒரு பெட்சீற்றை விரித்தாய். அதற்குப் பிறகு தங்கச்சி ஒவ்வொரு நாளும் வந்தாள். தேத்தண்ணியை உள்ளுக்கே கொண்டுவந்து, பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துகொண்டு சக்களத்தியைத் திட்டுவாள். உனக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியே மச்சான், காரைப் பிடிச்சுப்போட்டுது அவவுக்கு" என்று என் காதுக்குள் சொன்னாய். தைப்பொங்கலுக்கு முன் நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

காரைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் நல்ல மனிசன். உன்னைப்போலத்தான் பின்தகட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். பொனட்டிலுள்ள கறையை எடுத்துத் தந்தால் கொண்டுபோகிறேன் என்றார். அவர் போனபிறகு, மங்கிப் பழுப்பாய்க் கிடந்த அந்தக் கறைக்கு முன் தங்கச்சி நின்றாள்.

"அண்ணை, உந்த ஊத்தையை எடுத்துத் தருவியளே? அவர் எண்ணெய்க் கையாலை தொட்டிருப்பார் போலை."

ஓம் என்றேன். சாண்ட் பேப்பரை நனைத்துப் பொனட்டில் வைத்தேன். சொல்லாமலே தேய்த்திருக்கலாம், உன் வாக்கும் நின்றிருக்கும். ஆனால் மச்சான், அவள் தன் கையால் வைத்ததை அவளுக்குத் தெரியாமலே அழிக்க எனக்குக் கை ஓடவில்லை. நெற்றியில் பொட்டில்லாமல் நின்றவளிடம் அதைச் சொல்லவும் வாய் கூசியது.

"தங்கச்சி, இது ஊத்தையில்லை. நீர் வைச்ச பொட்டு."

நீ சொன்னதெல்லாம் சொன்னேன். அவள் பெட்சீற்றை எடுத்து மடித்தாள், பிரித்துவிட்டு இன்னொரு தரம் மடித்தாள்.

"குளிருக்கு மூடினது எண்டெல்லோ சொன்னவர்."

"நீர் திரும்ப உள்ளுக்கு வரமாட்டீர் எண்டு பயந்தவன்."

"நான் காருக்காக வந்தனான் எண்டே நினைச்சவர்?"

சாண்ட் பேப்பரைத் திரும்பத் தண்ணீருக்குள் போட்டேன்.

"அவருக்கு மூச்சு வாங்கிறது குசினிக்குக் கேட்டுது அண்ணை. டொக்டரிட்டைப் போவமெண்டால் சண்டைக்கு வருவார். பக்கத்திலை இருந்து பாக்கிறதுக்கு எனக்கொரு சாட்டு வேணும். அதுதான் குங்குமத்தைக் கொண்டு வந்தனான்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உரஞ்சி விடுங்கோ. வாங்கிற மனிசனுக்கு அது கறைதானே" என்றாள்.

தேய்த்தேன். முதலில் வெள்ளைத் தண்ணீர் வடிந்தது, பிறகு இளஞ்சிவப்பாய் வடிந்தது. நான் களைத்து நின்றபோது அவள் பேப்பரை வாங்கித் தேய்த்தாள். தெரிந்த பிறகும் அவள் போகவில்லை மச்சான். பெயின்ட் அடித்துக் காயும்வரை வந்துவந்து பார்த்தாள். இன்று மத்தியானம் அந்த மனிதர் காரை ஏற்றிக்கொண்டு போனார்.

கராஜைப் பூட்டித் திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் முழுக்க உன்னோடுதான் கதை. அவளுக்கு அந்தக் காரைப் பிடித்துவிட்டது என்ற சந்தோசத்தோடு நீ போனாய். அவள் கேட்டுக்கொண்டிருந்தது உன் மூச்சை. பக்கத்திலேயே நின்ற எனக்கு அந்த மூச்சு கேட்கவில்லை, தகட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது வீட்டில் என் மனிசி மாடிப்படி ஏறி வரும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் மேலே வந்து சேருமட்டும் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.