கடைசிப் பாட்டுக்குப் பிறகு வரும் காட்சி

என் ஜெயமுருகன் அண்ணனுக்கு, உன் அலமாரிச் சாவியை இப்போது வைத்திருக்கும் தங்கச்சி செல்வி ஆசையோடு எழுதுவது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. பாத்திரக் கடையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை என்பது தெரியாமல், "சின்ன அண்ணாச்சி எங்க?" என்று கேட்டுக்கொண்டு இன்னும் யாராவது கடையேறி வருகிறார்களாம். சித்தப்பா என்ன பதில் சொல்கிறாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் அலமாரியை யாருக்கும் கொடுக்கவில்லை. "பொம்மப் படம்" என்று அம்மாவும் "அனிமேம்மா" என்று நீயும் சண்டை போட்ட அத்தனை ஜப்பான் கார்ட்டூன் டிவிடி, ப்ளூரே பெட்டிகளும் அப்படியே இருக்கின்றன. துறைமுகச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தருகிற ஆபீஸில் இருப்பவள் என்பதால், வெளிநாட்டுப் பார்சல் வரும்போதெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்பாய். இத்தனை வருஷத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று நான்தான் கேட்டதே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன்.

பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது அண்ணே. அந்த மலை ரயில் தொடர் மட்டும் மூன்று தடவை இருக்கிறதே! முதலாவது, தனித்தனி டிவிடிகளாக வந்தது. அதை வெளியிட்ட கம்பெனியே இப்போது இல்லை. இரண்டாவது, இன்னொரு கம்பெனி உரிமை வாங்கி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. படம் அதேதான், கீழே ஓடும் எழுத்து மட்டும் மஞ்சளாகிவிட்டது. மூன்றாவது ப்ளூரே. அதன் மேல் 'முழுமையான பதிப்பு' என்று ஸ்டிக்கர் வேறு. அதில் ஒரு டிஸ்கில் எழுத்து பிசகியிருந்ததாம். திருத்திய டிஸ்கை அவர்களே வெறும் உறையில் போட்டு உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒரு கம்பெனி, தூத்துக்குடியில் பாத்திரம் விற்கிற ஒருவனுக்காக ஒரு டிஸ்கைத் திருத்தி அனுப்புமா என்று நான் வெகுநேரம் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றிலும் கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நீ எதைத் தேடினாய் என்று புரிந்தது. மூடப்போகிற ஒரு சின்ன மலை ஸ்டேஷன். அங்கே வேலை பார்க்கிற பெண். அவளுடைய தோழி ஊரை விட்டுப் போகிறாள். பாட்டு வருகிறது, பெயர்கள் ஓடுகின்றன, படம் முடிந்துவிடுகிறது. மூன்றிலும் அவ்வளவுதான்.

ஆனால் நீ பார்த்தது அதோடு முடியவில்லை, இல்லையா? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாடகைக்கு எடுத்த சிடி. நான் டியூஷன் போயிருந்தேன். வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாய். "ஏளா, பாட்டு முடிஞ்ச பெறகும் இருக்கு! மழ பெய்யுது. அவ கொடியப் புடிச்சிக்கிட்டு பிளாட்பாரத்துக்கு வாரா. திரும்பிப் பாத்து, 'நீ வார வரைக்கும் இங்கனதான் இருப்பேன்'னு சொல்லுதா!" எனக்குப் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால் சிடி சிக்கிக்கொண்டது. கடைக்காரர் அதைத் திரும்ப வாங்கித் தூக்கி எறிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் காட்சியைப் பார்த்த ஒருவரையும் நீ சந்திக்கவில்லை. அனிமே டிஸ்க் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீ அதைப் பற்றி எழுதியதையும், அவர்கள் உன்னைக் கிண்டல் செய்ததையும் உன் போனில்தான் படித்தேன். கோயம்புத்தூர் கார்த்திகேயன், "ஜெயமுருகன் கனவுல பாத்த சீனுங்க அது" என்று ஆரம்பித்து வைத்திருக்கிறார். அதிலிருந்து, இல்லாத பொருள் எதுவானாலும் அந்தக் குழுவில் அதற்குப் பெயர் 'தூத்துக்குடி எடிஷன்'. நீயும் கூடச் சேர்ந்து சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறாய். நிஜமாகவே சிரித்தாயா?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கண்டது கனவா, நிஜமா? எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த ப்ளூரேயை வெளியிட்ட கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை இணையத்தில் நேரலையாக வாங்குபவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். நமக்கு அது விடியற்காலை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள், நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கேள்வியைத் தட்டினேன். கடைசிப் பாட்டுக்குப் பிறகு ஒரு காட்சி இருந்ததா? இருந்ததென்றால் உங்கள் பதிப்பில் ஏன் இல்லை?

கண்ணாடி போட்ட ஒரு பெண் என் கேள்வியை வாசித்தாள். வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தாள். இங்கேயும் கிண்டல்தானா என்று லேப்டாப்பை மூடப்போனேன். ஆனால் அவள் சொன்னாள்: "அந்தக் காட்சி உண்டு. இதைக் கேட்க இன்னும் ஆள் இருக்கிறார்களே என்றுதான் சிரித்தேன்." டிவியில் அது வரவே இல்லையாம். ஜப்பானில் வீடியோ கேசட் போட்டபோது மட்டும் சேர்த்தார்களாம். அதில் அந்த ஸ்டேஷன் பெண் முணுமுணுக்கிற பாட்டு வேறொரு கம்பெனிக்குச் சொந்தம். வெளிநாட்டு உரிமை விற்கும்போது அந்தப் பாட்டுக்கு அனுமதி கிடைக்காததால், டிவியில் வந்த பிரதியைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் ஜப்பானில் வந்த டிவிடி பெட்டியின் முதல் அச்சில் மட்டும் அது இருக்கிறது என்று சொல்லி, அந்த நீலப் பெட்டியின் படத்தையும் காட்டினாள்.

'முழுமை' என்று ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் பொய் சொல்லவில்லை அண்ணே. தங்கள் கைக்கு வந்ததை முழுதாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். கைக்கு வராததை ஸ்டிக்கரில் எப்படி எழுதுவது?

நீலப் பெட்டியைத் தேடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி உன் கூட்டாளி ரெக்ஸன்தான். பெரியதாழையில் அவன் அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார், இவன் சரக்குக் கப்பலில் உலகம் சுற்றுகிறான். ஜப்பான் பக்கம் போகிறேன் என்றதும் பெட்டியின் படத்தை அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. கடலில் சிக்னல் இல்லாமல் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லீவில் ஊருக்கு வந்தவன் நேரே நம் வீட்டுக்குத்தான் வந்தான்.

"ஏளா செல்வி, இதானா பாரு. பழைய சாமான் விக்கித கடை ஒண்ணு விடல. போன்ல படத்தக் காட்டிக் காட்டி கையே வலிச்சுப்போச்சு."

நீல நிறம். ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"போட்டுப் பாத்தியாண்ணே?"

"எங்கன போட? ஜப்பான் டிஸ்க்கு நம்மூர் பிளேயர்ல ஓடாதுன்னு அவந்தான சொல்லுவான். அவன் வாங்கி வச்சது இருக்குல்லா, எல்லா நாட்டு டிஸ்க்கும் ஓடுமே, அதுல போடு." சொல்லிவிட்டு உன் அறைப் பக்கம் பார்த்தான். ஆனால் உள்ளே வரவில்லை. "நீங்க பாருங்க. எனக்கு இப்ப முடியாது," என்று கிளம்பிவிட்டான்.

நானும் உடனே போடவில்லை. கார்த்திகேயனுக்குப் போன் பண்ணினேன். அவர் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேலை செய்பவர் என்று உன் குழுவில் பார்த்திருந்தேன். பெட்டி கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். "வீடியோ எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டதற்கு, "வேண்டாங்க, நானே வர்றனுங்க," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கிவிட்டார். நான் நினைத்ததை விட வயதானவர், நரைத்த தாடி. அம்மா அவரைப் பேசவிடாமல் முதலில் இட்லி சாப்பிட வைத்தாள்.

மூன்று பேரும் உன் அறையில் உட்கார்ந்தோம். பாட்டு வந்தது. பெயர்கள் ஓடின. திரை இருட்டானது.

மழைச் சத்தம் கேட்டது. பிறகு பிளாட்பாரம். பிறகு அவள், கையில் கொடியோடு.

நீ சொன்னபடியே திரும்பிப் பார்த்தாள் அண்ணே! ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

கார்த்திகேயன் மறுபடி போடச் சொன்னார். அதற்கும் பிறகு இன்னொரு தடவை. "இருக்குதுங்க," என்றார். "மழை, கொடி, திரும்பிப் பாக்கறது, அத்தனையும் அப்படியே இருக்குதுங்க. நான்தானுங்க அவரைப் போட்டு ஓட்டிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ, 'நீ வார வரைக்கும் இருப்பேன்'னுதான சொல்லுதா?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். "இல்லீங்களே. 'அடுத்த வண்டி கொஞ்சம் தாமதமா வரும்'னு அறிவிக்கறாளுங்க. எல்லா ஸ்டேஷன்லயும் சொல்றதுதான்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அப்பொ எம்புள்ள பொய்யா சொன்னான்?"

"அவரு ஏனுங்கம்மா பொய் சொல்றாரு? அந்தச் சிடில கீழ ஓடின இங்கிலீஷைத்தான் படிச்சிருக்காரு. யாரோ ஒரு ரசிகன் கேசட்டுல இருந்து எடுத்து, தானே எழுத்துப் போட்டிருக்கான். காதுல தப்பா விழுந்துச்சோ, இல்ல அப்படிச் சொன்னா நல்லாருக்கும்னு நெனச்சானோ."

அம்மா திரைப் பக்கம் திரும்பினாள். "எந்தூருப் புள்ளையோ. யாருக்காகக் காத்துக் கெடந்தானோ," என்றாள். பிறகு, "ஏளா, இன்னொரு மட்டம் போடு."

கார்த்திகேயன் ரயில் ஏறுவதற்கு முன்பே குழுவில் எழுதிவிட்டார். நீலப் பெட்டியின் படத்தோடு, உன் பெயரைப் போட்டு, உன்னிடம் மன்னிப்புக் கேட்டு. உன் போன் அன்றைக்கு முழுக்க ஓயவில்லை. அந்தக் கம்பெனிப் பெண்ணுக்கும் சொன்னேன். பாட்டுக்கு அனுமதி கிடைத்தால் அடுத்த பதிப்பில் சேர்க்கப் பார்ப்பதாகச் சொல்கிறாள். அப்போது கீழே எந்த வரியைப் போடுவார்கள்? சரியானதைத்தான் போட வேண்டும், எனக்கும் தெரிகிறது. ஆனாலும் அந்த இன்னொரு வரி அதன் பிறகு எங்கே இருக்கும்?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணே. அந்தப் பதிப்பு வந்தால் நான்காவது பெட்டியை நான் வாங்குவேன். அதற்குள் அந்த வரியை எழுதியவர் யார் என்று பழைய ரசிகர்கள் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்ப்பேன். உயிரோடு இருக்கிறாரா, எந்த நாடு, எதுவும் தெரியாது. கண்டுபிடித்தால் ஒரே ஒரு செய்திதான் சொல்வேன்: நீங்கள் எழுதியதைத் தூத்துக்குடியில் ஒரு பையன் படித்தான், சாகும்வரை மறக்கவில்லை.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி