வலிக்கு நாலு மார்க்

புரட்டாசி 14, செவ்வாய்

இன்று நானும் மருமகளும் சேலத்தில் முதுகு டாக்டரைப் பார்த்தோம். தண்டுவடத்தருகே போட்ட முதல் ஊசியின் பலன் போய், இடது கால் மறுபடியும் குதிகால்வரை எரிகிறது. இரண்டாவது ஊசி கேட்கத்தான் போனேன்.

“வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கம்மா?” என்றார்.

வகுப்பில் நான் யாருக்கும் ஏழுக்கு மேல் போட்டதில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட ஊரார் முன் அழாதவள் என்று மகன் சொல்வான். நாலு என்றேன்.

“நாலுதானா? அப்ப ஊசி வேண்டாங்கம்மா. மூணு மாசம் பாக்கலாம்.”

பேச வாயெடுத்த மருமகளை முறைத்து அடக்கினேன். காரில் அவள் விடவில்லை. “ஏனுங்கத்தை, வலிக்குக்கூடவா மார்க்கக் கொறைப்பீங்க?”

இப்போது கட்டிலிலிருந்து எழ முடியவில்லை; அவளைத்தான் கூப்பிட வேண்டும். காலையில் டாக்டருக்கு நானே போன் செய்து எட்டு என்று சொல்லிவிடுகிறேன். எட்டு போதாது. ஒன்பது.