உன் நைனாவுக்குத் தூக்கம் வராத சங்கதி

கொழும்பில் இருக்கும் என் மகள் வேலம்மாவுக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து அம்மா அங்காளம்மாள் ஆயிரம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவிப்பது. இங்கே நாங்கள் சுகம், உன் நைனா தூங்காததைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமா என்று தெரியவில்லை, போன சுலுப்புக் கப்பலில் உன் ஓலை வரும் என்று கரையில் போய் நின்றேன், உப்பு ஏற்ற வந்த ஆட்கள்தான் இறங்கினார்கள். இதை எழுதிக்கொடுப்பவர் சாவடியில் எழுத்து வேலை பார்க்கும் சீனிவாசன். நான் பேசுகிறபடியே எழுதச் சொன்னேன், அது ஓலைக்கு மரியாதை இல்லை என்கிறார், அதனால் உன் அம்மா ரொம்பப் படித்தவள் மாதிரி தெரிந்தால் பயப்படாதே.

சங்கதி இதுதான். தை மாதம் கோட்டை வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர் கப்பல் ஒன்று வந்து வெளியே நங்கூரம் போட்டது, விடியுமுன் முதல் படகு சரக்கோடு புறப்பட வேண்டும் என்று கோட்டையிலிருந்து ஆள் வந்து சொன்னான். உன் நைனா நேரத்தோடு தூங்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதே படுத்தார். தூங்கணும் தூங்கணும் என்று நினைத்துக்கொண்டே விடிந்துவிட்டது. காலையில் முகத்துவாரத்தில் ஓர் அலை படகைத் திருப்பிவிட்டது, துணிப்பொதி இரண்டு நனைந்தது, ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் படகை நடத்தும் தண்டலாக நின்று துடுப்புப் பிடித்த இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொதி நனைந்திருக்கிறது, அதற்கெல்லாம் அலைதான் காரணம். இந்த இரண்டுக்கு மட்டும் தூங்காததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்றிலிருந்து மத்தியானம் கஞ்சி குடிக்கும்போதே, இன்னிக்காச்சும் தூக்கம் வருமா அங்காளம்னு கேட்க ஆரம்பித்துவிடுவார். நான் என்ன கோட்டை அதிகாரியா, வரும் போகும் என்று சொல்ல. வைத்தியர் கசகசா அரைத்துக் குடிக்கச் சொன்னார், குடித்தார். கோட்டைச் சமையல்காரனைக் கெஞ்சி ஜாதிக்காய்த் துண்டு வாங்கி எருமைப்பாலில் உரைத்துக் கொடுத்தேன், அதையும் குடித்துவிட்டு விழித்திருந்தார். தலையை நான்கு திசையிலும் வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் போய்ச் சேவலைக் கூடையால் மூடி வை என்றார், அவள் என் சேவல் இன்னா பண்ணுச்சினு கேட்டு ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. கோட்டை மணியை மெதுவாக அடிக்கும்படி வாசல் சிப்பாயிடம் கையால் காட்டிக் கேட்டார், அவன் வேறு எதையோ புரிந்துகொண்டு ஒரு குவளை சாராயம் கொடுத்து அனுப்பினான். இது போதாதென்று, எத்தனை நாழிகை தூங்கினார் என்று காலையில் நான் சொல்ல வேண்டும். அவர் தூங்குவதைப் பார்க்க நான் விழித்திருந்தேன்.

மாசியில் படகை விட்டுவிட்டார். பத்துப் பேர் துடுப்போடு காத்திருக்க, கை நடுங்குது, உங்க பத்து பேர் உசுரு என் தலைமேல, நான் புடிக்க மாட்டேன்னு சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். உன் சித்தப்பா கோபால் அந்த இடத்தில் நின்றார். பகலிலும் பாயை விரித்துத் தூக்கத்தைத் தேடினார், ராத்திரிக்கு இருந்த கொஞ்சமும் போயிற்று. ஒரு நாள் நான் ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு வரும்போது, தன் படகு அலை ஏறுவதைக் கரையில் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது. தொழில் போய்விடுமோ என்று பயப்படவில்லை வேலம்மா, மனுஷன் போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன்.

பங்குனியில் எனக்குக் கடுங்காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது, நீ அழாதே. சாயங்காலம் பல் கிட்டியபோது அவரைக் கூப்பிட்டு, இந்தாய்யா, இன்னிக்கு ராத்திரி நீ கண்ண மூடவே கூடாது, நெத்தியில ஈரத்துணி மாத்திக்கினே இருக்கணும்னு சொன்னேன். அது ஒண்ணுதான் எனக்கு நல்லா வரும்னு சொல்லி உட்கார்ந்தார். இரண்டு தடவை துணி மாற்றினார். மூன்றாவது துணி நெற்றிக்கு வரவில்லை. கண்ணைத் திறந்தால் சுவரில் சாய்ந்து, கையில் துணி சொட்டச் சொட்டக் குறட்டை விடுகிறார். எனக்கு நாக்கு வறண்டது. எழுப்ப மனம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நானே போய்த் தண்ணீர் குடித்து, அவர் கையிலிருந்த துணியை மெல்ல உருவி நானே நெற்றியில் போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். வெயில் ஏறித்தான் எழுந்தார். உன்ன உட்டுட்டுத் தூங்கிட்டனேனு தலையில் அடித்துக்கொண்டார். அடிச்சிக்கிறத அப்புறம் அடிச்சிக்கோ, கஞ்சி வையின்னேன்.

அதற்கு மறுநாள் தூங்கியே தீருவது என்று படுத்தார், வரவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, நாம் துரத்துகிறவரைக்கும் அது ஓடும். இனிமேல் எத்தனை நாழிகை என்று நான் சொல்லமாட்டேன், பகலில் பாய் கிடையாது, ராத்திரி வரவில்லையென்றால் புரளாமல் எழுந்து வலை கட்டு, கண் சொருகினால் வந்து படு என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் என்னைத் திட்டிக்கொண்டே வலை கட்டினார். பதினோராவது நாள் அவர் சுத்தமாகத் தூங்கவில்லை, அன்றைக்குப் பார்த்து கோபாலுக்கு மீன்முள் குத்திக் கால் வீங்கிவிட்டது, கப்பலோ காத்திருக்கிறது, வேறு தண்டல் இல்லை. சிவந்த கண்ணோடு போனார். நான் கரையில் நின்று சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டேன். கரையோரம் அடுத்தடுத்து எழும் மூன்று அலையையும் ஏறிப்போய்ச் சரக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தார், ஒரு பொதியும் நனையவில்லை. கரையில் இறங்கி என்னைப் பார்த்து, தூங்காமலே புடிச்சேன் அங்காளம், கை அதுபாட்டுக்குப் புடிச்சிதுனு சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது படகுக்குப் போகிறார். வாரத்தில் இரண்டு ராத்திரி இன்னும் வலை கட்டுகிறார், வீட்டில் வலை அதிகமாகிவிட்டது, கொழும்பில் யாருக்காவது வேண்டுமானால் எழுது. பிள்ளைக்குத் தலை நிற்க ஆரம்பித்ததா, அதையும் எழுது. மாப்பிள்ளை உளி பிடிக்கும்போது கையை வெட்டிக்கொள்ளாமல் பார்த்து வேலை செய்யட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வயிறு நிறைந்து, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். ஒன்று மறக்காதே, உன் நைனாவுக்கு ஓலை எழுதும்போது படகைக் கேள், காற்றைக் கேள், மீனைக் கேள், தூங்கினீர்களா என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா அங்காளம்மாள், கைநாட்டு